கரண்ட் வந்தது, கேம் வரவில்லை

ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் மழை பிடித்தால் லேசில் விடாது. எங்காவது ஒரு சில்வர் ஓக் மரம் வேரோடு சாயும். சாயும்போது கரண்ட் கம்பியையும் ஃபைபர் ஒயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஈபிக்காரர்கள் நனைந்துகொண்டே கம்பம் ஏறி ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் கரண்ட் கொடுத்துவிடுவார்கள். நெட் அப்படி வராது. நாலு நாள் ஆகும், சில சமயம் ஒரு வாரம். போனில் ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போகும்.

போன வருஷம் அப்படி ஒரு மழை. டானிங்டனில் நான் வைத்திருக்கும் மொபைல், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையைத் திறந்தாலும் யாரும் வரப்போவதில்லை. அரவேணுவில் வீட்டிலேயே இருந்துவிட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. சரி, தீபாவளி சேலில் வாங்கித் தொடாமலே வைத்திருக்கிற கேமை ஆடலாம் என்று உட்கார்ந்தேன். 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அளவு 110 ஜிபி, மூன்று ராத்திரி டவுன்லோட் போட்டது. முழுக்க முழுக்கத் தனியாக ஆடும் கதை விளையாட்டு. எதிரில் ஆட வேறு ஆள் கிடையாது, கூட ஆடவும் ஆள் கிடையாது.

அக்கா மகன் மங்கி கேப் போட்டுக்கொண்டு, போர்வையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பதிமூன்று வயது. கேமின் படம் வந்தது, இசை வந்தது. அப்புறம் கறுப்புத் திரையில் ஒரு பெட்டி. சர்வரோடு இணைக்க முடியவில்லை, உங்கள் இணைப்பைச் சரிபார்க்கவும் என்று அதில் இருந்தது. கீழே இரண்டு பட்டன்: மறுபடி முயற்சி செய், வெளியேறு. எட்டு பத்து தடவை முதல் பட்டனை அழுத்தினேன்.

"மாமா, கேம் நம்ம சிஸ்டத்துலதானே இருக்கு?"

"ஆமாடா."

"காசு கட்டிட்டீங்கதானே?"

"கட்டிட்டேன்."

"அப்புறம் இது யாரைக் கேக்குது?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. இந்தக் கட்டுரையே அதனால்தான் எழுதுகிறேன்.

நான் விளையாட ஆரம்பித்தது 2005-இல், கோத்தகிரியில் ஒரு பிரவுசிங் சென்டரில். மணிக்கு 20 ரூபாய். ஆறு கம்ப்யூட்டர், அதில் நாலு மட்டும் உருப்படியாக ஓடும். பள்ளி விட்டதும் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, வைஸ் சிட்டி. நெட் அப்போது நத்தை வேகம், ஆனால் அது எங்களுக்குத் தேவையே படவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்கும் இன்னொன்றுக்கும் கேபிள் போட்டால் போதும். சிடிக்கள் கோயம்புத்தூரிலிருந்து வரும். எல்லாமே காப்பி சிடி, 50 ரூபாய். ஒரிஜினல் எங்கே கிடைக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது, தெரிந்திருந்தாலும் வாங்கக் காசு இருந்திருக்காது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை.

சம்பாதிக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக அதைச் சரிசெய்தேன். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை 2015-இல் ரூபாயில் விலை போட ஆரம்பித்தபோது, சின்ன வயதில் காப்பியில் ஆடிய கேம்களை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்கினேன். கடன் அடைத்த மாதிரி இருந்தது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் 2011-இல் ஒரு கருத்துச் சொன்னார்: திருட்டுக் காப்பிக்குக் காரணம் பெரும்பாலும் விலை இல்லை, சேவை சரியில்லாததுதான் என்று. என் வாழ்க்கையில் அது அப்படியே பலித்தது. நல்லபடியாகக் கொடுத்தார்கள், நான் வாங்கினேன்.

இப்போது என் பீரோவில் இருக்கிற பழைய சிடிக்களைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் சிடியிலும் கேமரா லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கும். அதனால் பீரோவின் அடித்தட்டில் ஒரு சின்ன பல்பை எரியவிட்டிருக்கிறேன், அப்பா கேமராவுக்குச் செய்தது போலவே. ஓரத்தில் வெள்ளையாக நரம்பு நரம்பாகப் பூஞ்சை ஓடிய சிடிகூட, மெல்லிய துணியால் துடைத்துப் போட்டால் இன்றும் ஓடுகிறது. இருபது வருஷத்துக்கு முந்தைய 50 ரூபாய்க் காப்பி யாரையும் கேட்காமல் ஓடுகிறது. முழு விலை கொடுத்து நேர்மையாக வாங்கியது மழைக்கு நின்றுபோகிறது. நேர்மையாக வாங்கியவனைத் தண்டிக்கிற ஏற்பாடு இது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

நாலு நாள் நெட் போனதற்கே இவ்வளவு பேசுகிறேன். யுபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டு 2014 டிசம்பரில் வந்தது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரு வரைபடமாக்கி, அதில் தனியாகவே சுற்றி ஆட முடிந்த கேம். ஆனால் சர்வர் இல்லாமல் திறக்காது. 2024 மார்ச் 31 அன்று அந்த சர்வரை நிறுத்தினார்கள். அவ்வளவுதான், காசு கொடுத்து வாங்கிய யாராலும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. பலருடைய கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். வாங்கிய பொருள் நம்முடையதில்லை என்பதற்கு விளையாட்டுக்காரர்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் அதே நிறுவனத்தின் சந்தா பிரிவுத் தலைவர் 2024 ஜனவரியில்தான் பேசியிருந்தார்.

எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஸ்நூக்கர் விளையாட்டின் விதிகள் 1882 வாக்கில் ஊட்டி கிளப்பில்தான் எழுதி ஒட்டப்பட்டன என்று சொல்வார்கள். ஊட்டிக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. அந்த கிளப் நாளைக்கே கதவைச் சாத்தினாலும் உலகத்தில் ஒரு ஸ்நூக்கர் மேஜைகூட மாயமாகிவிடாது. மேஜை வாங்கியவன் ஆடிக்கொண்டுதான் இருப்பான். கம்ப்யூட்டர் கேமிலும் அது முடியாத காரியம் இல்லை. டூம் கேமின் மூல நிரலை 1997-இல் ஐடி சாஃப்ட்வேர் பொதுவில் வைத்தது. இன்று வரை ஜனங்கள் அதை எதிலெல்லாமோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாக்அவுட் சிட்டி என்ற ஆன்லைன் விளையாட்டை 2023 ஜூனில் நிறுத்தியபோது, அதைச் செய்த வேலன் ஸ்டூடியோஸ் நீங்களே சர்வர் போட்டு ஆடிக்கொள்ளுங்கள் என்று ஒரு பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனது. சின்ன நிறுவனத்தால் முடிகிறது. பெரிய நிறுவனத்தால் முடியாது என்று யார் சொன்னாலும் நான் நம்பத் தயாரில்லை.

தி க்ரூ விஷயத்துக்குப் பிறகு ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காலத்துக்கும் சர்வர் ஓட்டு என்று கேட்கவில்லை. நிறுத்தும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். ஐரோப்பாவில் அதற்காக நடந்த கையெழுத்து வேட்டை 2025 ஜூலையில் பத்து லட்சத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம்: உரிமம் மட்டும் விற்றுவிட்டு 'வாங்கு' என்று பட்டனில் போடுவதானால், இது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீமில் பணம் கட்டும் இடத்தில் இப்போது அந்த வரி இருக்கிறது. கவனித்துப் படித்தவர்கள் எத்தனை பேர்?

டவுன்லோட் வேண்டாம், கேமைத் தட்டாக, அதாவது டிஸ்க்காக வாங்கினால் தப்பிக்கலாம் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. 2022-இல் வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 கேமின், சோனியின் பிஎஸ்5 கன்சோலுக்கான தட்டில் 100 எம்பிகூட இல்லை. மீதி எல்லாம் டவுன்லோட். பால்டர்ஸ் கேட் 3-க்கும் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் 150 ஜிபி இடம் வேண்டும். கோத்தகிரியைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர்களில் ஃபைபர் கிடையாது, ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் போன் பேக்தான். 75 நாள் போனைத் தொடாமல் வைத்தால் ஒரு கேம் இறங்கும். மலைக்கிராமத்துப் பையன் ஒருவன் இப்படியும் இருப்பான் என்று இவர்கள் ஒரு நிமிஷமாவது நினைத்துப் பார்த்திருப்பார்களா?

சரி, பெரிய கேமை விடுங்கள். நம் ஊரில் பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் போனில், இலவசமாகக் கிடைக்கிற கேம்கள். அக்கா மகனும் அப்படித்தான். போன மார்ச் மாதம் அக்கா என் கடைக்கு வந்து, போனை மேஜைமேல் வைத்து, "தம்பி, இலைக் காசு வந்துச்சு, அதுல குறையுது பாரு" என்றாள். பார்த்தேன். 59, 59, 149, 59 என்று சின்னச் சின்னதாக யுபிஐயில் போயிருந்தது. கூட்டினால் 3,400 ரூபாய்க்கு மேல். அக்காவுக்கு இருப்பது ஒரு ஏக்கருக்கும் குறைவான தேயிலை. மழையில் நின்று, அட்டைக்கடி வாங்கிப் பறித்த இலை.

பையனைத் திட்டவில்லை. காட்டுடா என்றேன். ஒரு துப்பாக்கிக்கு மேல் பூசும் தோல், சிவப்பில் டிராகன் போட்டது. சுடுவதில் அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. அது நேராக விற்பனைக்குக் கிடையாது. காசு கட்டி ஒரு பெட்டியைத் திறந்தால் சக்கரம் சுற்றும். படபடவென்று ஓடி, மெதுவாகி, டிராகன் துப்பாக்கிக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றது. வேறு ஏதோ தொப்பி வந்தது. "பாத்தீங்களா மாமா, ஒண்ணே ஒண்ணுதான் தள்ளி. எப்பவும் இப்படித்தான், பக்கத்துல வந்துடும்" என்றான். அவன் குரலில் இருந்தது ஆசை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கே நிற்க வேண்டும் என்று அந்தச் சக்கரத்துக்கு முன்னமே தெரியும். சுற்றுவது கண்ணுக்கு மட்டும்தான். பரிசு, பெட்டியை அழுத்திய நொடியிலேயே முடிவாகிவிட்டது.

அக்கா அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தத் துப்பாக்கி வந்துச்சா?" வரவில்லை.

2006-இல் ஆப்லிவியன் கேமில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றார்கள். அன்று எல்லாரும் கொதித்தார்கள். ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது: காசு கொடுத்தால் கவசம் கிடைத்தது. அதற்கப்புறம் வந்ததுதான் இந்தப் பெட்டிகள். 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2-இல் முக்கியமான பாத்திரங்களையே பூட்டி வைத்து, பெட்டிகளையும் விற்க முயன்றபோது அதை வெளியிட்ட ஈஏ நிறுவனம் ரெட்டிட் தளத்தில் எழுதிய விளக்கத்துக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் எதிர்வாக்கு விழுந்தது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் காசு வாங்கும் வசதியை நிறுத்தி வைத்தார்கள். 2018-இல் பெல்ஜியம் அந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. கூட்டமாகக் கேட்டால் நடக்கிறது. அதனால்தான் அடுத்து வருவதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

கேம் ஆடுகிறவர்கள் தமிழில் பேசிக்கொள்ளும் ஒரு டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் ஐந்து வருஷமாக இருக்கிறேன். நல்ல பிள்ளைகள். கம்ப்யூட்டர் வாங்க முடியாத ஒரு பையனுக்குச் சேர்ந்து காசு போட்டு கிராபிக்ஸ் கார்டு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் ஒரு நிறுவனத்தைக் குறை சொல்லிவிட்டால் போதும், ரசிகர் மன்றம் போல வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள். "காசு இல்லைன்னா ஆடாதீங்க ப்ரோ" என்பார்கள். நடிகருக்காக அடித்துக்கொள்வதிலாவது ஒரு மனித முகம் உண்டு. இங்கே யாருக்காகச் சண்டை போடுகிறோம்? கேம் வருவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே முழுக்காசு கட்டி முன்பதிவு செய்கிறோம். டவுன்லோட் செய்கிற பொருள் எந்தக் கடையில் தீர்ந்துபோகும்? தியேட்டரில் சீட் கணக்கு உண்டு, முதல் நாள் டிக்கெட்டுக்கு ஓடுவது புரிகிறது. இங்கே ஓடவே வேண்டியதில்லை. சைபர்பங்க் 2077 மூன்று தடவை தள்ளிப்போய் 2020 டிசம்பர் 10-இல் வந்தது. பழைய கன்சோல்களில் ஓட்ட முடியாத நிலை. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. முன்பதிவு மட்டுமே 80 லட்சம். அத்தனை பேரில் நானும் உண்டு.

அந்தத் தள்ளிவைப்பை அறிவித்தபோது அதைச் செய்துகொண்டிருந்தவர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது. அதே வருஷம் தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2-இல் ஒரு பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்கும் வந்தது. அவர் கதை எழுதவில்லை, எழுதிக் கொடுத்ததை நடித்தார். கோபத்தில் நியாயம் இருக்கலாம். போய் விழுந்த இடம்தான் தப்பு.

என் கடைக்கு ஹெட்செட் ரிப்பேருக்கு ஒரு பெண் வருவாள். கல்லூரி மாணவி, துப்பாக்கி கேம்களில் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரி. ஒரு தடவை மைக் ஒயர் உள்ளேயே அறுந்திருந்தது, மாற்ற 350 ரூபாய் ஆகும் என்றேன். "ஸ்பீக்கர் மட்டும் சரி பண்ணிக் குடுங்க அண்ணா. மைக் நான் ஆன் பண்றதே இல்ல" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. எனக்கே தெரியும். எங்கள் குழுவில் பெண் குரல் கேட்டால் என்னென்ன பேசுகிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு எத்தனை ராத்திரி சும்மா இருந்திருக்கிறேன். அன்றைக்கு மைக்கையும் சேர்த்துச் சரிசெய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அன்று ராத்திரியே குழுவில் இதை எழுதினேன். இரண்டு பேர் வெளியேறினார்கள். போகட்டும்.

என்னுடன் பள்ளியில் படித்தவன் ஒருவன் பெங்களூரில் கேம் டெஸ்டிங் வேலையில் இருந்தான். வேலை என்றால் ஆடுவது இல்லை. ஒரே சுவரில் ஒரு நாள் முழுக்க வெவ்வேறு கோணத்தில் மோதி, ஆள் உள்ளே சிக்கிக்கொள்கிறானா என்று பார்த்து எழுதுவது. பொங்கலுக்கு வந்திருந்தபோது பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டே, அப்போது வந்திருந்த ஒரு கேமை நான் திட்டித் தீர்த்தேன். கதவு ஒன்று திறக்காமல் என் எட்டு மணி நேர ஆட்டம் வீணாகிவிட்டது. செய்தவனுக்கு மூளையே இல்லையா என்று விமர்சனத்தில் எழுதியிருந்தேன், அதைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அந்தக் கதவு திறக்கலைன்னு நான்தாண்டா எழுதிக் குடுத்தேன். ரிலீஸுக்கு அஞ்சு மாசம் முன்னாடி. தெரிஞ்ச பிழைன்னு போட்டு மூடிட்டாங்க. தேதி மாத்த முடியாதுன்னு மேல சொல்லிட்டாங்க."

பேச்சு வரவில்லை எனக்கு. அந்தக் கோடையில் அவனுக்கு வேலை போனது. காலையில் லாகின் ஆகவில்லை, அப்படித்தான் தெரிந்ததாம். அந்த வருஷங்களில் உலகம் முழுக்க இதுதான் நடந்தது. 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிலிசார்டை வாங்கிய மைக்ரோசாஃப்ட் மூன்று மாதத்தில், 2024 ஜனவரியில், கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது. அடுத்த மாதம் சோனி 900 பேர். ஹை-ஃபை ரஷ் என்று எல்லாரும் கொண்டாடிய கேமைச் செய்த டாங்கோ ஸ்டூடியோவை மூடப்போவதாக மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நன்றாகச் செய்தாலும் வேலை போகும் என்றால் யார்தான் மனசு வைத்துச் செய்வார்கள்? ஊட்டியில் பிலிம் ஃபேக்டரி மூடியதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

அந்த விமர்சனத்தை அன்றைக்கே மாற்றி எழுதினேன். எந்தக் கதவு, எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் போனது என்று மட்டும் எழுதி, தேதிக்காகப் பிழையோடு விற்றது வெளியிட்ட நிறுவனம் என்று சேர்த்தேன். பணம் திரும்பக் கேட்டு மூன்று தடவை எழுதினேன். மூன்றாவது தடவை கிடைத்தது.

நல்லது நடக்காமலும் இல்லை. வெண்பா என்று ஒரு கேம் 2023 ஜூலையில் வந்தது. டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் புத்தகம், முதல் பலகாரம் இட்லி. இரண்டு மணி நேரம்கூட இல்லை. சின்ன கேமுக்கு இவ்வளவு விலையா என்று அங்கேயும் முணுமுணுத்தார்கள். அக்காவிடம் மவுஸைக் கொடுத்தேன். வாழ்க்கையில் அவள் ஆடிய முதல் கேம் அது. ரசம் வைக்கிற இடத்தில் திரையைப் பார்க்காமலே அடுத்தது என்ன போட வேண்டும் என்று சொன்னாள். மறுநாள் பிரிட்டனின் பாஃப்டா விருதில் 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டு இதுதான் என்றேன். "பின்ன, அந்தப் பிள்ளைங்க கத்துக்கிட்டு செஞ்சிருக்காங்க" என்றாள்.

இப்போது நான் வாங்குவது முடிந்தவரை ஜிஓஜி என்ற ஆன்லைன் கேம் கடையில். இன்ஸ்டால் செய்யும் ஃபைலையே கொடுத்துவிடுகிறார்கள், பூட்டு கிடையாது, லாகின் கேட்காது. அதை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, பீரோவில் அந்த பல்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முன்பதிவை நிறுத்திவிட்டேன். வந்து ஒரு மாதம் கழித்து, வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் காசு கொடுக்கிறேன்.

இந்த வருஷம் மழையில் மறுபடியும் ஒயர் அறுந்தது. கடையிலிருந்து இரண்டு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, கூடத்தில் ஒன்று, உள் அறையில் ஒன்று வைத்து நடுவில் கேபிள் இழுத்தோம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. அக்கா மகனும் அவன் சிநேகிதனும் ஒருவர் கோட்டையை ஒருவர் இடித்துக்கொண்டு கத்திய கத்தலில் ஓட்டில் விழும் மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அக்கா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நெட்டுதான் இல்லைன்னீங்களேடா, அப்புறம் அங்க என்ன சத்தம்?"